ஆய்விதழுக்குப் படம் தயாரித்தல்

வகுப்பறையில் செயலாராய்ச்சி செய்து, அதைக் கட்டுரையாக்கி ஆய்விதழுக்கு அனுப்பும் ஆசிரியர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பணியில் இருந்துகொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்கள் இருக்கிறார்கள். குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு மாணவர்களோடு சேர்ந்து ஆய்வறிக்கை தயாரிப்பவர்களும் உண்டு. இவர்களில் பலர் கட்டுரையை நான்கு முறை திருத்தி எழுதுவார்கள்; படங்களை மட்டும் அனுப்புவதற்கு முந்தைய இரவு செய்வார்கள். எக்செல் தானாகத் தரும் பட்டை வரைபடம் ஒன்று, கைப்பேசியில் எடுத்த புகைப்படம் ஒன்று, இணையத்தில் கிடைத்த விளக்கப்படம் ஒன்று. ஒட்டியாயிற்று, அனுப்பியாயிற்று.

கட்டுரையை மதிப்பிடுபவர் நாம் எழுதிய வரிசையிலேயே படிப்பார் என்று சொல்ல முடியாது. தலைப்பையும் ஆய்வுச் சுருக்கத்தையும் பார்த்துவிட்டு நேராகப் படங்களுக்குப் போகிறவர்கள் பலர். அதில் வியப்பில்லை. ‘இந்தக் கற்பித்தல் முறை பலன் தந்தது’ என்று உரைநடை சொல்லும். அதற்கான சான்று படத்தில்தான் இருக்கும். எனவே ஒவ்வொரு படத்தையும் நோக்கி நாம் கேட்க வேண்டியவை இரண்டு. அச்சாகும் அளவில் அது படிக்க வருமா? நடந்ததை நடந்தபடி காட்டுகிறதா? முதலாவதற்கு அளவுகோலும் எளிய கணக்கும் போதும். இரண்டாவதுக்குக் கொஞ்சம் கூடுதலாக மெனக்கெட வேண்டும். அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப் போகிறோம்.

அச்சில் எவ்வளவு அகலம்?

படம் வரையத் தொடங்கும் முன் அந்த ஆய்விதழின் ‘ஆசிரியர்களுக்கான வழிகாட்டி’யைத் திறந்து, ஒரு பத்தியின் அகலம் எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள். நேச்சர் இதழ் நெடுங்காலமாகக் கேட்டுவந்த அளவு, ஒரு பத்திக்கு 89 மி.மீ., பக்கம் முழுவதுக்கும் 183 மி.மீ. எல்ஸ்வியர் நிறுவனத்தின் இதழ்களில் இது 90, 140, 190 மி.மீ. என்று மூன்று அளவுகளாக இருக்கிறது. 89 மி.மீ. என்பது நம் கையில் இருக்கும் ஆதார் அட்டையைவிடச் சற்றே பெரிய அகலம். நாம் கணினித் திரை முழுக்க விரித்து வரைந்த படம் அந்த அட்டைக்குள் அடங்கப் போகிறது என்பதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பவர்பாயிண்ட்டில் பழைய வடிவச் சில்லு ஒன்றின் அகலம் 254 மி.மீ. அதில் 14 புள்ளி அளவில் எழுத்துகளைத் தட்டச்சு செய்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். திரையில் நன்றாகவே தெரியும். அது 89 மி.மீ. அகலத்துக்குச் சுருங்கும்போது எழுத்தும் அதே விகிதத்தில் சுருங்கும். 89-ஐ 254-ஆல் வகுத்தால் 0.35. 14-ஐ 0.35-ஆல் பெருக்கினால் 4.9 புள்ளி. நேச்சர் இதழ் படத்துக்குள் வரும் எழுத்துக்கு வைத்திருக்கும் கீழ்வரம்பு 5 புள்ளி. ஆக இது தேறாது. இப்போதைய அகலமான சில்லு ஏறத்தாழ 339 மி.மீ.; அதில் 18 புள்ளி எழுத்துகூட 4.7 ஆகிவிடும். விகிதசமம் நடத்தும் கணித ஆசிரியருக்கு இதைவிட நல்ல வாழ்க்கைக் கணக்கு கிடைப்பது அரிது.

இந்தச் சிக்கலைத் தவிர்க்க எளிய வழி, தொடக்கத்திலேயே பக்கத்தின் அளவை 89 மி.மீ. என்று அமைத்துக்கொண்டு அதற்குள் வரைவது. இன்க்ஸ்கேப் என்ற கட்டணமில்லா மென்பொருளில் இது எளிது. வரைந்து முடித்ததும் அதே அளவில் தாளில் அச்சிட்டு, படிக்கும் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். கண்ணாடி போட்ட மூத்த ஆசிரியர் ஒருவரிடம் காட்டினால் தீர்ப்பு உடனே கிடைக்கும்.

எழுத்துருவிலும் அலங்காரம் வேண்டாம். ஏரியல் போன்ற எளிய எழுத்துரு ஒன்றையே எல்லாப் படங்களுக்கும் வைத்துக்கொள்ளலாம். தமிழில் எழுதும் கட்டுரைக்கு ஒருங்குறி எழுத்துருதான் பாதுகாப்பு. பழைய எழுத்துருக்களில் வரைந்த படம் வேறு கணினியில் திறக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறி, ‘கோடு’ என்பது படிக்க முடியாத ஏதோ ஒன்றாகிவிடும். எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் கோப்பாகச் சேமித்து, வேறொருவர் கணினியில் திறந்து பார்த்துவிட்டு அனுப்புவது நல்லது.

பிக்சல் கணக்கு

‘படம் 300 டிபிஐ-யில் வேண்டும்’ என்று பதிப்பாசிரியர் எழுதுவார். ஓர் அங்குல நீளத்தில் 300 படப்புள்ளிகள், அதாவது பிக்சல்கள் இருக்க வேண்டும் என்பதே அதன் பொருள். 89 மி.மீ. என்பது 3.5 அங்குலம். எனவே புகைப்படத்தின் அகலம் குறைந்தது 1,050 பிக்சல் இருந்தால் போதும். இன்றைய கைப்பேசிகள் இதைப்போல் மூன்று மடங்கை எளிதாகத் தருகின்றன. அப்படியிருந்தும் மங்கலான படம் போய்ச் சேர்வது ஏன்? பெரும்பாலும் வாட்ஸ்அப்தான் காரணம். ஆய்வகத்தில் எடுத்த படத்தைக் குழுவில் போட்டு, அங்கிருந்து கணினியில் இறக்கிக்கொண்டால் வழியிலேயே அது சுருக்கப்பட்டுவிடுகிறது. கேபிள் வழியாக மாற்றுங்கள். முடியாவிட்டால் ‘டாக்குமெண்ட்’ ஆக இணைத்து அனுப்புங்கள். வேர்டு கோப்புக்குள் ஒட்டிய படத்தை மீண்டும் வெளியே எடுத்துப் பயன்படுத்துவதும் இதே வகைத் தவறுதான்.

குறைந்த பிக்சல் உள்ள படத்தை மென்பொருளில் திறந்து, 72 என்ற எண்ணை 300 என்று மாற்றிச் சேமிப்பவர்கள் உண்டு. இல்லாத விவரத்தை மென்பொருள் எங்கிருந்து கொண்டுவரும்? பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து இடையில் புதிய புள்ளிகளை ஊகித்து நிரப்பும், அவ்வளவுதான்.

கோட்டு வரைபடத்துக்கும் பட்டை வரைபடத்துக்கும் 300 போதாது. எல்ஸ்வியர் வழிகாட்டி புகைப்படத்துக்கு 300, இரண்டும் கலந்த படத்துக்கு 500, கோட்டுப் படத்துக்கு 1,000 என்று கேட்கிறது. கருப்புக் கோட்டின் ஓரம் படிக்கட்டாகத் தெரிந்துவிடும் என்பதே காரணம். ஆனால் கோட்டுப் படத்தைப் பிக்சலாகவே அனுப்ப வேண்டியதில்லை. வெக்டர் வடிவில், அதாவது இபிஎஸ் அல்லது பிடிஎஃப் கோப்பாகச் சேமித்தால் எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு கூர்மையாகவே இருக்கும். புகைப்படத்துக்கு டிஃப் வடிவம். ஜேபெக் கோப்பு திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் சிறிது விவரத்தை இழக்கிறது; அதனால் வேலை நடக்கும்போது அது ஆகாது. ஆர்ஜிபி, சிஎம்ஒய்கே என்ற நிற வேறுபாட்டைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். வழிகாட்டி எதைக் கேட்கிறதோ அதைத் தந்தால் போதும்.

சராசரிக்குப் பின்னால் 12 பேர்

இனி இரண்டாவது கேள்வி. நம் செயலாராய்ச்சிக் கட்டுரைகளில் மிகுதியாகக் காணும் படம் எது? முன்தேர்வு, பின்தேர்வு என்று இரண்டு பட்டைகள். ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. ஓர் எடுத்துக்காட்டை நாமே அமைத்துப் பார்ப்போம். 36 மாணவர்கள். முன்தேர்வுச் சராசரி 62, பின்தேர்வுச் சராசரி 68.

செங்குத்து அச்சைப் பூச்சியத்தில் தொடங்கி வரைந்தால் இரண்டாவது பட்டை முதலாவதைவிடப் பத்தில் ஒரு பங்குகூட உயரமில்லை. அதே அச்சை 60-இல் தொடங்கினால் முதல் பட்டையின் உயரம் 2 அலகு, இரண்டாவதன் உயரம் 8 அலகு. கண்ணுக்கு நான்கு மடங்கு வளர்ச்சி! எக்செல் சில வேளைகளில் இந்த வேலையைத் தானாகவே செய்துவிடும். நாம் கவனிக்காமல் ஏற்றுக்கொள்கிறோம். பட்டையில் நம் கண் அளப்பது அதன் முழு நீளத்தை. அதனால் பட்டை வரைபடத்தின் அச்சு பூச்சியத்தில்தான் தொடங்க வேண்டும். உடல் வெப்பநிலையை நாள்வாரியாகக் காட்டும் கோட்டு வரைபடத்துக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அங்கே கண் பார்ப்பது ஏற்ற இறக்கத்தை.

அச்சைச் சரிசெய்துவிட்டோம். அப்போதும் இந்தப் படம் முக்கியமான ஒன்றை மறைக்கிறது. 36 பேரில் 24 பேர் சராசரியாக 12 மதிப்பெண் கூடுதலாகப் பெற்றார்கள், மீதி 12 பேர் சராசரியாக 6 மதிப்பெண் குறைந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடியது 288, குறைந்தது 72, நிகரம் 216, 36-ஆல் வகுத்தால் 6. அதே 62, அதே 68, அதே இரண்டு பட்டைகள். புதிய முறையால் வகுப்பில் மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகள் பின்தங்கினார்கள் என்ற செய்தி படத்தில் எங்கும் இல்லை. அந்த 12 பேர் யார், வாசிக்கத் தடுமாறுபவர்களா, அடிக்கடி விடுப்பில் இருந்தவர்களா என்று கேட்கும் வாய்ப்பையே அந்தப் பட்டைகள் மூடிவிடுகின்றன. என்னைக் கேட்டால், வகுப்பறை ஆய்வின் பயனுள்ள பகுதியே அந்தக் கேள்விதான்.

மாற்று வழி எளிது. ஒவ்வொரு மாணவருக்கும் முன்தேர்வில் ஒரு புள்ளி, பின்தேர்வில் ஒரு புள்ளி. இரண்டையும் இணைக்க மெல்லிய கோடு. 36 கோடுகளில் எவை ஏறுகின்றன, எவை இறங்குகின்றன என்பது ஒரு பார்வையில் தெரியும். சராசரியைத் தடித்த கோட்டால் மேலே காட்டிக்கொள்ளலாம். 2015-இல் பிளாஸ் பயாலஜி இதழில் டிரேசி வைஸ்கெர்பர் குழுவினர் இதே கருத்தை உடலியங்கியல் ஆய்வுகளை வைத்து வலியுறுத்தினார்கள். வெவ்வேறு விதமாகப் பரவிய தரவுகள் ஒரே மாதிரியான பட்டை வரைபடத்தைத் தரும் என்பதையும், சிறிய குழுக்களை ஆராயும்போது தனித்தனிப் புள்ளிகளைக் காட்டுவதே சரி என்பதையும் அக்கட்டுரை விளக்கியது. அதன்பின் பல இதழ்கள் தனிப் புள்ளிகளைக் காட்டும்படி கேட்கத் தொடங்கின.

இது புதிய ஞானம் என்றும் சொல்ல முடியாது. புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973-இலேயே நான்கு சிறு தரவுத் தொகுதிகளை உருவாக்கிக் காட்டினார். ஒவ்வொன்றிலும் 11 இணை எண்கள். நான்கிலும் கிடை மதிப்புகளின் சராசரி 9, செங்குத்து மதிப்புகளின் சராசரி 7.5, ஒட்டுறவுக் கெழு ஏறத்தாழ 0.816. கணக்கில் நான்கும் இரட்டைப் பிள்ளைகள்போல ஒன்று. வரைந்து பார்த்தால் முதலாவது நேர்கோட்டைச் சுற்றிச் சிதறிய புள்ளிகள், இரண்டாவது வளைகோடு, மூன்றாவதில் ஒரே ஒரு புள்ளி மட்டும் தனியாக விலகி நிற்கிறது, நான்காவதில் பத்துப் புள்ளிகள் செங்குத்தாக ஒரே கோட்டில், பதினோராவது எங்கோ தொலைவில். மேல்நிலை வகுப்புக் கணித ஆசிரியர்கள் உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஒரு பாடவேளையில் இதைச் செய்துகாட்டலாம். முதலில் சராசரிகளைக் கணக்கிடச் சொல்லி, ‘நான்கும் ஒன்றுதானே?’ என்று கேட்டு, பிறகு வரையச் சொல்ல வேண்டும். வரிசை மாறினால் சுவை போய்விடும்.

பட்டையின் தலையில் ‘ஐ’ போலச் சிறு கோடு ஒன்றைப் போடுவார்களே, அதைப் பற்றியும் ஒரு சொல். அது திட்ட விலக்கமா, திட்டப் பிழையா, நம்பிக்கை இடைவெளியா என்று படக்குறிப்பில் எழுதாவிட்டால் அந்தக் கோட்டுக்குப் பொருளே இல்லை. நம் 36 மாணவர்களின் திட்ட விலக்கம் 12 என்றால், திட்டப் பிழை 12-ஐ 36-இன் வர்க்கமூலத்தால் வகுத்து வரும் 2. ஒன்று மற்றொன்றைப்போல் ஆறு மடங்கு. திட்டப் பிழையைப் போட்டால் படம் துல்லியமாகத் தோன்றும் என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்து, எதுவென்று சொல்லாமல் விடுவது முறையல்ல. மாணவர்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு வேறுபடுகிறார்கள் என்று காட்ட விரும்பினால் திட்ட விலக்கம்; சராசரியை எவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும் என்று காட்ட மற்ற இரண்டில் ஒன்று.

சிவப்பும் பச்சையும்

ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேருக்கு ஒருவருக்குச் சிவப்பு, பச்சை நிறங்களைப் பிரித்தறிவதில் குறைபாடு உண்டு. பெண்களில் 200 பேருக்கு ஒருவர். எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது என்பதால் ஆண்களிடம் அதிகம் என்று நாம் பாடமே நடத்துகிறோம். கட்டுரையை மதிப்பிடும் மூவரில் ஒருவர் அப்படிப்பட்டவராக இருக்கலாம்; நம் வகுப்பில் கரும்பலகையைப் பார்க்கும் ஒரு சிறுவனும் இருக்கலாம். சிவப்புக் கோடு ஒரு குழு, பச்சைக் கோடு மற்றொரு குழு என்றால் அவர்களுக்கு இரண்டும் ஒன்றே.

ஜப்பானிய அறிவியலாளர்கள் மசடகா ஒகாபே, கெய் இட்டோ இருவரும் இதற்கென எட்டு நிறங்களைத் தேர்ந்து தந்தார்கள். கருப்பு, ஆரஞ்சு, வான்நீலம், நீலம் கலந்த பச்சை, மஞ்சள், நீலம், செந்தூரச் சிவப்பு, செவ்வூதா ஆகியவை அவை. நேச்சர் மெத்தட்ஸ் இதழில் பாங் வாங் 2011-இல் எழுதிய ஒரு பக்கக் குறிப்பு இவற்றைப் பரவலாக்கியது. இரண்டே குழுக்கள் என்றால் நீலமும் ஆரஞ்சும் போதும். நிறத்தை மட்டும் நம்பாமல் ஒன்றுக்கு முழுக்கோடு, மற்றொன்றுக்குப் புள்ளிக்கோடு என்று வைத்துக்கொண்டால் கருப்பு வெள்ளை நகலிலும் படம் பிழைக்கும். சோதிப்பது எளிது: தெருமுனை ஜெராக்ஸ் கடையில் ஒரு நகல் எடுத்துப் பாருங்கள்.

உருப்பெருக்கம் 400 மடங்கு என்று எழுதலாமா?

வெங்காயத் தோல் செல்லைப் படமெடுத்து, கீழே ‘400 மடங்கு’ என்று எழுதுகிறோம். கண்ணில் வைத்துப் பார்த்தபோது அது உண்மை. படத்தைப் பாதியாகச் சுருக்கி அச்சிட்டபின்? புரொஜெக்டரில் சுவர் அளவுக்குப் பெரிதாக்கியபின்? எண் மாறாமல் நிற்கும், படம் மாறிவிட்டிருக்கும்.

சமூக அறிவியல் ஆசிரியருக்கு இது பழகிய சிக்கல். நிலவரைபடத்தில் அளவையைப் பிரதிபின்ன முறையிலும் காட்டலாம், கோட்டளவை முறையிலும் காட்டலாம். 1:50,000 என்று அச்சிட்ட வரைபடத்தைப் பாதி அளவுக்கு நகலெடுத்தால் அந்த எண் பொய்யாகிவிடும். கீழே வரைந்திருக்கும் அளவுக்கோடு மட்டும் வரைபடத்தோடு சேர்ந்து சுருங்கி உண்மையாகவே இருக்கும். நுண்ணோக்கிப் படத்துக்கும் இதே காரணத்துக்காகத்தான் ஆய்விதழ்கள் அளவுக்கோடு கேட்கின்றன.

அளவுக்கோட்டை ஊகித்துப் போடக்கூடாது. குறைந்த உருப்பெருக்கம் என்றால் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் அளவுகோலை நுண்ணோக்கியின் மேடையில் வைத்து, அதே அமைப்பில் ஒரு படம் எடுங்கள். இமேஜ்ஜே என்ற கட்டணமில்லா மென்பொருளில் திறந்து ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை பிக்சல் என்று அளக்கலாம். 800 பிக்சல் வந்தால், அரை மில்லிமீட்டர் அளவுக்கோட்டுக்கு 400 பிக்சல். பொருளருகு லென்ஸை மாற்றினால் மறுபடியும் அளக்க வேண்டும். கைப்பேசியின் ஜூமைத் தொட்டாலும் அப்படியே. உயர் உருப்பெருக்கத்துக்கு, ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்த மேடை நுண்ணளவி தேவை. பள்ளியில் இல்லையென்றால் அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறையில் கேட்டுப் பார்க்கலாம்.

எது திருத்தம், எது திரிபு?

2002 முதல் ஜர்னல் ஆஃப் செல் பயாலஜி இதழ், வெளியிட ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு கட்டுரையின் படங்களையும் அச்சுக்கு முன் சோதிக்கத் தொடங்கியது. அதன் நிர்வாக ஆசிரியராக இருந்த மைக் ராஸ்னர் பகிர்ந்த அனுபவம் நினைவில் வைக்கத் தக்கது. ஏறத்தாழ நூற்றில் ஒரு கட்டுரையில் முடிவையே மாற்றும் மோசடி இருந்தது. அவை திருப்பி அனுப்பப்பட்டன. நான்கில் ஒரு கட்டுரையிலோ, குறைந்தது ஒரு படத்தையாவது மறுபடி தயாரிக்கச் சொல்ல வேண்டியிருந்தது. அவர்களுக்கு ஏமாற்றும் எண்ணம் இல்லை. பின்னணியில் இருந்த அழுக்கைத் துடைத்தார்கள், ஒரு பகுதியை மட்டும் பளிச்சென்றாக்கினார்கள், இரண்டு படங்களைத் தையல் தெரியாமல் ஒன்றாக்கினார்கள். படம் அழகாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே அவர்கள் நோக்கம்.

அந்த இதழ் வகுத்த விதிகளையே இன்று பெரும்பாலான இதழ்கள் பின்பற்றுகின்றன. வெளிச்சத்தையும் நிற வேறுபாட்டையும் மாற்றலாம், ஆனால் படம் முழுவதுக்கும் ஒரே அளவில் மாற்ற வேண்டும்; அதனால் எதுவும் மறையக்கூடாது. படத்தின் ஒரு பகுதியை மட்டும் தூக்கலாக்குவதோ, மங்கச் செய்வதோ, நகர்த்துவதோ, நீக்குவதோ, புதிதாகச் சேர்ப்பதோ கூடாது. வெவ்வேறு படங்களை அருகருகே வைத்தால் இடையில் கோடு தெரிய வேண்டும்.

இந்த எல்லை மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென்கொரியாவின் ஹுவாங் வூ-சுக் வழக்கு போதும். மனிதக் கருவிலிருந்து 11 குருத்தணு வழிமரபுகளை உருவாக்கியதாக அவர் குழு 2005-இல் சயின்ஸ் இதழில் எழுதியது. ஒரே படம் வேறு வேறு பெயர்களில் பயன்பட்டிருந்ததைச் சிலர் கவனித்தார்கள். சியோல் தேசியப் பல்கலைக்கழக விசாரணையில் முடிவுகள் புனையப்பட்டவை என்று தெரிந்தது. 2006 ஜனவரியில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. பின்னாளில் நுண்ணுயிரியலாளர் எலிசபெத் பிக் 20,621 கட்டுரைகளின் படங்களைக் கண்ணாலேயே பார்த்துச் சோதித்தார். அவரும் உடன் ஆய்வாளர்களும் 2016-இல் வெளியிட்ட முடிவின்படி 3.8 விழுக்காட்டுக் கட்டுரைகளில் பொருந்தாத வகையில் திரும்ப வந்த படங்கள் இருந்தன.

இதெல்லாம் பெரிய ஆய்வகங்களின் கதை என்று தோன்றலாம். நம் செய்முறை வகுப்புக்கு வருவோம். நுண்ணோக்கியில் மாணவி பார்ப்பது கலங்கலான, பாதி கிழிந்த, காற்றுக் குமிழி உட்கார்ந்த ஒரு வெங்காயத் தோல். ரெக்கார்டு நோட்டில் அவள் வரைவது பாடநூலில் உள்ள, செங்கல் அடுக்கியதுபோன்ற அழகிய படம். அதற்குத்தான் முழு மதிப்பெண். ஓம் விதிச் சோதனையில் ஆறு அளவீடுகளில் ஐந்து நேர்கோட்டில் விழுகின்றன. ஆறாவது விலகி நிற்கிறது. மாணவன் அழிப்பானை எடுக்கிறான், புள்ளி கோட்டுக்கு வந்துவிடுகிறது. பதிப்பாசிரியர் திருப்பி அனுப்பும் படங்களில் நடப்பதும் இதுதானே? ஒரு முறையாவது வேறு விதமாகச் செய்து பார்க்கலாம். கண்ட குமிழியையும் வரையச் சொல்லி, அதற்குப் பெயர் குறிக்கச் சொல்லலாம். விலகிய புள்ளியை விட்டுவைத்து, இணைப்பு தளர்ந்திருந்ததா என்று பார்த்து, மறு அளவீடு எடுத்து, இரண்டையும் வரைபடத்தில் காட்டச் சொல்லலாம். மதிப்பெண் எதற்குக் கிடைக்கிறதோ அதைத்தான் மாணவர்கள் செய்வார்கள்.

செயற்கை நுண்ணறிவு வரைந்து தரும் படங்களைப் பற்றியும் இப்போது கேள்வி வருகிறது. நேச்சர் இதழ் 2023-இலேயே, சில விலக்குகள் தவிர, அத்தகைய படங்களை வெளியிடுவதில்லை என்று அறிவித்துவிட்டது. 2024 பிப்ரவரியில் ஃபிரண்டியர்ஸ் குழும இதழ் ஒன்றில் வந்த கட்டுரையில் இயற்கைக்கு மாறான உறுப்புகளோடு ஓர் எலி இருந்தது. பாகங்களுக்குப் பெயர் என்று எழுதப்பட்டிருந்தவை எந்த மொழியிலும் இல்லாத சொற்கள். உலகம் முழுதும் சிரித்தது. சில நாள்களில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மதிப்பீட்டாளர்களைத் தாண்டி அது எப்படி அச்சேறியது என்பதுதான் சிரிப்புக்குப் பின்னால் உள்ள கவலை.

குழந்தைகளின் முகம்

நம் ஆய்வுகளுக்கே உரிய பொறுப்பு ஒன்று உண்டு. நம் புகைப்படங்களில் இருப்பவர்கள் குழந்தைகள். முகம் தெரியும் படத்தை வெளியிட பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். குழந்தையிடமும் கேட்க வேண்டும். பள்ளி விழாப் படத்துக்கு வாங்கிய ஒப்புதல் ஆய்விதழுக்குச் செல்லாது. கண்களின்மேல் கறுப்புப் பட்டை போட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்ற பழைய வழக்கத்தை, மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு போதுமானதல்ல என்று சொல்லிவிட்டது. ஊரில் உள்ளவர்கள் சட்டையையும் சடையையும் பார்த்தே பிள்ளையை அடையாளம் கண்டுகொள்வார்கள். குழந்தைகள் வேலை செய்யும் கைகளை மட்டும் படமெடுத்தால் ஆய்வுக்குப் பெரும்பாலும் அதுவே போதும்.

விடைத்தாள், நோட்டுப் பக்கம் ஆகியவற்றைப் படமாகச் சேர்க்கும்போது பெயர், எமிஸ் எண், பள்ளி முத்திரை ஆகியவற்றை நீக்க வேண்டும். ‘நீக்கக்கூடாது’ என்ற முந்தைய விதிக்கு இது முரண் இல்லை. நீக்கியிருக்கிறோம் என்பதைப் படக்குறிப்பில் எழுதிவிட வேண்டும். ‘மெதுவாகக் கற்கும் மாணவர்’ என்ற குறிப்போடு ஒரு குழந்தையின் கையெழுத்து இணையத்தில் நிரந்தரமாகத் தங்கப் போகிறது என்பதை மறக்க வேண்டாம்.

பிறருடைய படங்களுக்கும் இங்கே இடம் உண்டு. ‘நன்றி: கூகுள்’ என்று எழுதுவதால் பதிப்புரிமை நம் கைக்கு வந்துவிடாது. கூகுள் தேடித் தந்ததே தவிர வரையவில்லை. உரியவரிடம் அனுமதி வாங்க வேண்டும், அல்லது திறந்த உரிமத்தில் வெளியான படத்தை அதன் நிபந்தனைப்படி பயன்படுத்த வேண்டும். எளிய விளக்கப்படம் என்றால் நாமே வரைந்துவிடுவது நல்லது.

அனுப்பும் நாளில்

படக்குறிப்பைக் கடைசியில் அவசரமாக எழுதாதீர்கள். கட்டுரையைப் படிக்காதவருக்கும் படம் புரிய வேண்டும்: என்ன காட்டப்படுகிறது, எத்தனை பேர், புள்ளிகளும் கோடுகளும் எவற்றைக் குறிக்கின்றன, அளவுக்கோடு எவ்வளவு. வேறு பாட ஆசிரியர் ஒருவரிடம் படத்தையும் குறிப்பையும் மட்டும் கொடுத்து, ‘இதிலிருந்து என்ன தெரிகிறது?’ என்று கேளுங்கள். நாம் சொல்ல நினைத்ததை அவர் சொல்லவில்லை என்றால் படத்தைத்தான் மாற்ற வேண்டும். வாய்விளக்கம் தந்து அவரைச் சம்மதிக்க வைப்பதில் பயனில்லை, மதிப்பீட்டாளர் பக்கத்தில் நாம் உட்கார்ந்திருக்கப் போவதில்லை.

ஒவ்வொரு படத்தையும் தனிக் கோப்பாக, கட்டுரையில் வரும் வரிசை எண்ணோடு சேமியுங்கள். கேமராவிலிருந்து வந்த மூலப் படங்களையும் மதிப்பெண் பட்டியலையும் தொடாமல் தனி உறையில் வைத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். எந்தப் படத்தில் என்ன மாற்றம் செய்தோம் என்று ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதி வைத்தால் போதும். பதிப்பாசிரியர் மூலத்தைக் கேட்டால் அன்றே அனுப்பலாம். கட்டுரை ஏற்கப்பட்டபின் மெய்ப்பு வரும். திருத்தித் திருப்பி அனுப்ப இரண்டு மூன்று நாள்களே தருவார்கள். அப்போது எழுத்துப் பிழையோடு நின்றுவிடாமல், படங்களின் அகலத்தை அளவுகோலால் அளந்து, மிகச் சிறிய எழுத்தைப் படித்துப் பார்த்து, படம் 2-க்குரிய குறிப்பு படம் 3-இன் கீழ் போய்விடவில்லையே என்று சரிபார்த்து அனுப்புங்கள்.